டைரக்டர் வீட்டுப் பண்டிகை

என் சின்னம்மா மகள் வயிற்றுப் பிள்ளை அவன். எனக்கு மருமகன் முறை. வெளிநாட்டில் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் பெட்டியின் தலைமேல் ஏறி நின்றுகொண்டு, இடுப்பில் பெல்ட்டும் வாயில் டார்ச்சுமாக வேலை பார்ப்பவன். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. வீட்டுக்குள் வந்தால்தான் ஆள் வேறு. அவனுடைய மச்சினன் அவனுக்கு 'டைரக்டர்' என்று பேர் வைத்தான். பெற்றவர்கள் வைத்த பேர் இப்போது சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு ஞாபகமே இல்லை.

பேர் வந்த கதை இதுதான். நம் பண்டிகைக்கு அந்த ஊரில் லீவு கிடையாது. அதனால் பண்டிகை என்றைக்கு வந்தாலும், அதைத் தன் வார விடுமுறைக்குத் தள்ளிவிடுவான். ஆட்களுக்கு ஷிப்ட் போடுவார்கள், கேள்விப்பட்டிருக்கிறேன். பண்டிகைக்கே ஷிப்ட் போட்டவன் எங்கள் வம்சத்தில் இவன் ஒருவன்தான்.

அன்றைக்குக் காலையில் போனை ஸ்டாண்டில் மாட்டி, ஊரில் இருக்கும் அக்காவை வீடியோவில் கூப்பிடுவான். போனில் விழுகிற சுவருக்கு மட்டும் பூமாலையும் கலர் விளக்கும். எதிர்ச்சுவரில் துவைத்த துணி காயும். கடையில் வாங்கிய பலகாரம் டப்பாவிலிருந்து தாம்பாளத்துக்கு மாறும். நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு மேலே அடுக்கினால் மலைபோலக் குவிந்து தெரியும். மகனும் மகளும் மேலே பட்டுச் சட்டை, கீழே ராத்திரி போட்டுத் தூங்கிய கால்சட்டை. இடுப்புக்குக் கீழே போனில் தெரியாதே!

"தள்ளி நில்லு... இன்னும் தள்ளி. ம், இப்ப கும்பிடு. சிரிச்சுக்கிட்டே கும்பிடு! அக்கா, தெரியுதா?"

அந்த அக்காவுக்காகத்தான் இத்தனை பாடும். தாய் போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். அவன் பெண்டாட்டியோடு விமானம் ஏறிய அன்றைக்கு, "அங்க பொறக்குற பிள்ளைங்களுக்கு நாம யாருன்னே தெரியாமப் போயிடும் பாரு" என்று ஒரு வார்த்தை விட்டாள். அது அவனுக்கு முள்ளாகத் தைத்துவிட்டது. 'பிள்ளைங்கள நல்லா வளர்த்திருக்கடா' என்று அவள் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். அதற்கு மேல் அவனுக்கு இந்த உலகத்தில் ஆசை கிடையாது.

அக்காவும் லேசுப்பட்டவள் இல்லை. ஒவ்வொரு வருஷமும் "ம், தெரியுது" என்பதோடு சரி.

போன வருஷம் டிக்கெட் எடுத்து அனுப்பி, பண்டிகைக்கு அக்காவையே அங்கே வரவழைத்தான். அந்தத் தடவை நாலு சுவருக்கும் அலங்காரம். பலகாரம் பெண்டாட்டி கையால் செய்தது. பிள்ளைகளுக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை புதுசு. தாம்பாளத்துக்குள் கிண்ணம் மட்டும் பழக்கதோஷத்தில் கவிழ்ந்திருந்தது.

அக்கா கூடத்தின் நடுவில் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"போங்க, அத்தை கால்ல விழுந்து கும்பிடுங்க" என்றான்.

பிள்ளைகள் அத்தை பக்கம் போகவில்லை. வழக்கமாக நிற்கிற சுவரோரமாகப் போய் நின்றுகொண்டு, அங்கும் இங்கும் தேடின. சின்னவள்தான் கேட்டாள்: "அப்பா, போன் எங்க?"

"போன் எதுக்கும்மா? அத்தைதான் இங்கயே இருக்காங்களே!"

"அப்போ பண்டிகைய எதுல பண்றது?"

பெரியவன் விவரமானவன். அத்தை முகத்துக்கு நேராகக் கையை ஆட்டி, "அத்தை, நான் பேசுறது கேக்குதா? நீங்க மியூட்ல இருக்கீங்க" என்றான். அவளும் வாயடைத்துப்போய்த்தான் உட்கார்ந்திருந்தாள்.

டைரக்டர் விடவில்லை. கெஞ்சினான், அதட்டினான். சின்னவள் உதட்டைப் பிதுக்கி அழத் தொடங்கினாள். அப்போது என் மருமகன் செய்த காரியம் இருக்கிறதே, வேறு எவனுக்கும் அது தோன்றியிருக்காது.

"அக்கா, கொஞ்ச நேரம்... நீ பெட்ரூம்ல போய் உட்காரேன். இங்கருந்து உனக்குப் போன் போடுறேன்."

"என்னங்க, உங்களுக்கு மூளை கலங்கிடுச்சா?" என்றாள் பெண்டாட்டி.

"விடும்மா" என்று அக்கா எழுந்தாள். "இவ்வளவு தூரம் பறந்து வந்தாச்சு. அந்த ரூமுக்குப் போறதுக்கா வலிக்கப் போகுது?"

கட்டிலுக்கும் இஸ்திரி மேசைக்கும் நடுவே உட்கார்ந்து போனை எடுத்தாள். கூடத்தில் பிள்ளைகள் ஜம்மென்று கும்பிட்டன, பாடின, பலகாரத்தை ஒரு கடி கடித்து "சூப்பரா இருக்கு அத்தை" என்று கண்ணை மூடின. ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. எல்லாம் அவளுக்குக் கதவு வழியாக ஒரு தடவையும் போன் வழியாக ஒரு தடவையும் கேட்டது.

"அக்கா, தெரியுதா?" அவன் போனுக்குள் தலையை நீட்டினான்.

"தெரியுதுடா. பிள்ளைங்கள நல்லா வளர்த்திருக்க... போனுக்கு."

அணைத்துவிட்டு வெளியே வந்தாள். அதற்குள் பெரியவன் புதுச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். போன் அணைந்தால் அந்த வீட்டில் பண்டிகையும் அணைந்தது என்று அர்த்தம். அக்கா தரையில் சம்மணம் போட்டு, சின்னவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"வா, சாப்பிடலாம்."

"கட் ஆயிடுச்சே அத்தை?"

"ஆகட்டும். இப்பத்தான் பசிக்குது."

அதையும் படம் பிடிக்க இவன் போனைத் தூக்கினான். பெண்டாட்டி பிடுங்கிக்கொண்டு போய் பெட்ரூமில் போட்டுக் கதவைச் சாத்தினாள்.

இதை எனக்குச் சொன்னது அக்காதான். டைரக்டரைக் கேட்டால் கதை வேறு. பிள்ளைகளை நல்லா வளர்த்திருக்கிறேன் என்று அக்காவே வாயைத் திறந்து சொல்லிவிட்டாள் என்று உறவுக்காரர் ஒருத்தர் விடாமல் கூப்பிட்டுச் சொல்லிவிட்டான். அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் வெட்டிவிடுவான். பேர் சும்மாவா வைத்தார்கள்?