நோரீனிடம் கேட்ட கடைசிக் கேள்வி

மெல்போர்னிலிருந்து வெகுதூரம் தள்ளி, டாரின்யா என்ற சின்ன ஊரில் பப் நடத்தும் நோரீன் பாஸ்கோ உதவி என்று யாரிடமும் வாய் திறந்து கேட்டவள் இல்லை. கணவன் கிரேமைப் புதைத்த அன்று சாயங்காலமே பப்பைத் திறந்து பீர் ஊற்றினாள். காய்ச்சலில் உடம்பு கொதித்தாலும், யாராவது கேட்டால் "பரவாயில்ல" என்பாள். அந்தக் கோதுமைக் காட்டுப் பக்கம் எல்லோருமே கொஞ்சம் அப்படித்தான். தன் பெருமையையோ கஷ்டத்தையோ வெளியே சொல்கிறவனை அங்கே யாரும் மதிப்பதில்லை. ஆனால் இந்தப் பொம்பளைக்கு அந்த வீம்பு கொஞ்சம் கூடுதல்.

சமையல் மட்டும் அவளுக்கு வராது. கிரேம் போன பிறகு அவளே அடுப்படியில் நின்று பார்த்தாள். "உன் ஸ்டேக் கறிய வெச்சு என் பூட்ஸுக்கு அடி போடலாம் நோரீன்" என்றார் பப்புக்கு வாடிக்கையாக வரும் கெவ் டொஹெர்டி. அப்புறம் அவரும் சாப்பிட வருவதை நிறுத்திவிட்டார். பப்பை விற்றுவிடலாம் என்றிருந்த நேரத்தில்தான் பிலிப்பைன்ஸிலிருந்து ரோடெல் சமையலுக்கு வந்தான். வெள்ளிக்கிழமை ஆனால் பக்கத்து ஊர்க் கார்களெல்லாம் பப் வாசலில் நிற்க ஆரம்பித்தன. ரோடெலின் மனைவி லீசெல் முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தாள். மகள் பள்ளி நெட்பால் அணியில் ஆடினாள், அம்மா அப்பாவின் ஆங்கிலத்தைக் கேலி செய்யும் அளவுக்கு டாரின்யாக்காரியாகியிருந்தாள்.

அவன் விசா முடிகிற சமயம் வந்தது. நிரந்தர விசாவுக்கு முதலாளி பரிந்துரைக்க வேண்டும். நோரீன் மனசாரப் பரிந்துரைத்தாள். தங்கமான பையன், எந்த வேலை சொன்னாலும் செய்வான், பீப்பாய் உருட்டுவான், தரை துடைப்பான், புல் கூட வெட்டுவான் என்று எழுதிக் கொடுத்தாள். ஒரு மனிதனை அதற்கு மேல் எப்படிப் புகழ்வதென்று டாரின்யாவில் யாருக்கும் தெரியாது. குடிவரவுத் துறையோ, அப்படியானால் இது தேர்ந்த சமையல்காரர் வேலையே இல்லை, எடுபிடி வேலை என்று பரிந்துரையை மறுத்துவிட்டது.

அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய ரோடெலுக்கு உரிமை கிடையாது. முதலாளியின் பரிந்துரை மறுக்கப்பட்டால் முதலாளிதான் போக வேண்டும். அவள் தோற்றால் அவன் குடும்பத்தோடு சொந்த ஊரைப் பார்த்துப் போக வேண்டியதுதான். நோரீன் மேல்முறையீடு செய்தாள். விசா ஏஜென்ட் அவளிடம் படித்துப் படித்துச் சொன்னார்: "அடக்கமெல்லாம் அங்க வேண்டாம். அவன் இல்லேன்னா பப்பே இல்லன்னு சொல்லுங்க. உண்மைதானே?"

"உண்மைதான்" என்றாள் நோரீன்.

விசாரணைக்குப் பக்கத்து டவுனான ஹார்ஷமில் ஒரு அறை. முடிவு சொல்ல வேண்டிய தீர்ப்பாய உறுப்பினர் மெல்போர்னிலிருந்து திரையில் வந்தார். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். மெனு யார் போடுவது, சரக்கு யார் வாங்குவது எல்லாவற்றுக்கும் நோரீன் ஒழுங்காகப் பதில் சொன்னாள். புல் வெட்டுவது வேலை முடிந்த பிறகு அவனாக எனக்குச் செய்கிற உதவி என்றாள். உறுப்பினர் தலையாட்டினார். ஏஜென்டுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"கடைசியா ஒண்ணு" என்றார் உறுப்பினர். "ரோடெல் போயிட்டா உங்க தொழில் என்ன ஆகும்?"

பக்கத்தில் ரோடெல் இஸ்திரி போட்ட சட்டையில், முழங்கால் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தான். சொல்ல வேண்டிய வார்த்தை நோரீனின் தொண்டை வரை வந்தது. முன்பின் தெரியாத டை கட்டிய ஆளிடம், நான் தனியாளாக ஒன்றுக்கும் லாயக்கில்லை என்று எப்படிச் சொல்வது? கூசியது.

"எப்படியாவது சமாளிச்சுக்குவோம்" என்றாள்.

ஏஜென்ட் இருமினார். உறுப்பினரே வழி விட்டார்: "கொஞ்சம் விளக்கமா சொல்றீங்களா?"

"முன்னாடியும் அவன் இல்லாமத்தானே நடத்தினோம். சமாளிச்சுடலாம்."

"வேற ஏதாவது சொல்லணுமா?"

"இல்லைங்க. அவ்வளவுதான்."

இடைவேளைக்குப் பிறகு உறுப்பினர் முடிவை வாசித்தார். அந்த வேலைக்கு உண்மையான தேவை இருப்பதாக முதலாளியின் பேச்சிலேயே தெரியவில்லை, மறுப்பு செல்லும் என்றார். திரை அணைந்தது.

திரும்பும் வழியில் நோரீன்தான் ஓட்டினாள். அழுகை வரவில்லை, எதுவுமே வரவில்லை. கை ஸ்டீயரிங்கில் இருப்பது கூட உறைக்கவில்லை. இரண்டு பக்கமும் அறுத்த காடு போய்க்கொண்டே இருந்தது.

"வெள்ளிக்கிழமைக்குக் கறி ஆர்டர் போட்டுடவா மேடம்?" என்று கேட்டான் ரோடெல்.

"போடு."

இன்னும் கொஞ்ச தூரம் போய் ரோட்டோரமாகக் காரை நிறுத்தினாள். எஞ்சினை அணைக்கவில்லை.

"நீ இல்லாம என்னால ஒரு நாள் கூட அந்தக் கதவத் திறக்க முடியாது தம்பி. எல்லாத்தையும் வித்துட்டுப் போயிருப்பேன். நீ வந்ததாலதான் இருக்கேன்."

ரோடெல் கண்ணாடி வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் குரலில் கோபம் இல்லை.

"தெரியும் மேடம். அத அவர்கிட்ட சொல்லியிருக்கணும்."