பூட்டிய பீரோவில் மூன்று பேர்

ஜெசிந்தா போன ஜூனில் ஓய்வு பெற்றாள். கல்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையில், கடலுக்கு அரை கிலோமீட்டர் இந்தப் பக்கம் இருக்கிற கிளை நூலகத்தில் பத்தொன்பது வருடம் ஒரே நாற்காலி. செங்கல்பட்டிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருவாள். ஒரு நாள்கூடக் கதவு தாமதமாகத் திறந்ததில்லை. ஒரு புத்தகம் தொலைந்ததில்லை. இதைச் சொல்லித்தான் சால்வை போர்த்தினார்கள். அவளைக் கெடுத்ததும் அந்தப் பெருமைதான்.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அணுமின் நிலையக் குடியிருப்பிலிருந்து ஊருக்குக் கிளம்பிய ஒரு பொறியாளர், ஆயுசு முழுக்கச் சேர்த்த ஒன்பது புத்தகங்களை நூலகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் மனிதன் விண்வெளிக்குப் போன வரலாறு. எட்டு ஆங்கிலம், ஒன்று தமிழ். தமிழ்ப் புத்தகம்தான் பெரியது. வழவழவென்ற தாள், பக்கத்துக்குப் பக்கம் படம். அவற்றுக்கென்றே ஒரு கண்ணாடி பீரோ வந்தது. விழாவுக்கு வந்த அதிகாரி தமிழ்ப் புத்தகத்தை நடுவில் பிரித்து நிறுத்திவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். "பத்திரமா பாத்துக்கம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அவர் அன்றைக்கே மறந்திருப்பார். ஜெசிந்தா மறக்கவில்லை. சாவியைத் தாலிக்கொடியில் கோக்காத குறைதான்.

அவளுக்கும் ஒரு நியாயம் இருந்தது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நடவு நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் மேசை நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் ஆள் அவள். ஒரு தாள் கிழிந்தாலும் "இவங்ககிட்ட குடுத்தா இப்படித்தான்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள் என்ற பயம் அவளை விட்டதே இல்லை. தன் சனத்துக்குச் சலுகை காட்டினாள் என்ற பேச்சும் வரக் கூடாது. அதனால் மற்றவர்களிடம் காட்டாத கண்டிப்பை அவர்களிடம்தான் காட்டினாள்.

அந்தக் கண்டிப்பில் அகப்பட்டவன் லட்சுமணன். கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிற தொழிலாளி, பக்கத்துக் காலனிக்காரன், அவள் சனம்தான். சனிக்கிழமை வேலை முடிந்ததும் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே வருவான். பீரோ முன்னால் நின்று, விரித்திருந்த அந்த இரண்டு பக்கங்களைப் படிப்பான். இருபத்து மூன்று நாள் விண்வெளியில் இருந்துவிட்டுத் திரும்பிய மூன்று பேரின் கதை. கலம் பாராசூட்டில் புல்வெளியில் வந்து இறங்குகிறது. தேடி வந்தவர்கள் ஓடிப் போய் மூடியைத் திறக்கிறார்கள். உள்ளே மூவரும் அவரவர் இருக்கையில்... அங்கே பக்கம் தீர்ந்துவிடும்.

"அப்பால இன்னா ஆச்சி மேடம்? அடுத்த பக்கத்த கொஞ்சம் திருப்புங்களேன்" என்பான்.

"அது பார்வைக்கு வெச்சதுப்பா. திருப்பக் கூடாது."

கோபித்துக்கொள்ள மாட்டான். சிரித்துக்கொண்டே போய், அடுத்த சனிக்கிழமை அதையே கேட்பான். பத்து, பன்னிரண்டு வருடம் கேட்டான். இதில் வேடிக்கை, அந்தப் பக்கத்தை ஜெசிந்தாவும் திருப்பியதில்லை. மூவருக்கும் என்ன ஆனது என்று அவளுக்கும் தெரியாது. வைக்கோல் போரில் படுத்த நாய், தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது என்பார்களே, அந்தக் கதைதான்.

இரண்டு வருடம் முன்பு லட்சுமணன் வருவது நின்றது. சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய்விட்டதாகச் சொன்னார்கள். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி.

ஓய்வுக்கு முந்தின வாரம், புதிதாக வருபவரிடம் ஒப்படைப்பதற்காக பீரோவைத் திறந்தாள். தமிழ்ப் புத்தகத்தில் அந்த இரண்டு பக்கங்கள் மட்டும் வெளுத்துப் போய் இருந்தன. மற்ற பக்கமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, இடமும் வலமும் செங்கல் போல இறுகியிருந்தன. ஆங்கிலப் புத்தகங்களும் அப்படியே. பைண்டிங் செய்கிற நூர்முகமதுவிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவர் மெல்லிய கத்தியை விட்டு ஒரு தாளைப் பிரித்துப் பார்த்தார். எழுத்தெல்லாம் எதிர்ப்பக்கத்தோடு போய், வெள்ளைதான் மிஞ்சியது.

"கடல் காத்து ஈரம்மா. படிச்சினு இருந்தா இப்டி ஆவாது. பூட்டி வெச்சதாலதான் ஆச்சி" என்றார் அவர்.

அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து போனில் தேடிப் பார்த்தாள். மூவரும் இருக்கையிலேயே இறந்து கிடந்தார்களாம். வரும் வழியில் கலத்திலிருந்த காற்று கசிந்து போயிருக்கிறது. ஐம்பது வருடத்துக்கு மேல் ஆன சாவு. ஜெசிந்தாவுக்கு அன்றைக்குத்தான் நடந்தது போல இருந்தது. இதை லட்சுமணனிடம் நேரில் போய்ச் சொல்லியாக வேண்டும், மன்னிப்பும் கேட்க வேண்டும் என்று தீர்மானித்தாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் போனாள். லட்சுமணன் கட்டிலில் கிடந்தான். அவன் மனைவி வேண்டா பதறிப் போய் நாற்காலி இழுத்துப் போட்டாள். புத்தகம் பாழானதைச் சொன்னாள் ஜெசிந்தா. தன்னால்தான் பாழானது என்பதையும் மறைக்காமல் சொன்னாள். பிறகு, "அந்த மூணு பேரும்..." என்று ஆரம்பித்தாள்.

லட்சுமணனே எடுத்துக் கொடுத்தான். "மூணு பேரும் செத்துட்டாங்க. தெரியும் மேடம். எம் பொண்ணு சிநேகா எட்டு வருசம் முன்னாடியே போன்ல காட்டிச்சி."

"தெரிஞ்சுமா வாரா வாரம் வந்து கேட்ட?"

வேண்டா குனிந்து தலையணையைச் சரிசெய்தாள்.

"நம்ம ஆளு ஒருத்தங்க அந்த சேர்ல குந்திகினு கீறாங்கன்னு எனக்கு ரொம்பப் பெரும மேடம். உங்க கையால ஒரு தபா தொறந்து குடுப்பீங்கன்னுதான் வந்துகினு இருந்தேன்" என்றான் லட்சுமணன்.

மன்னிப்புக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தாள் ஜெசிந்தா. இப்போது எதற்கென்று கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.