பழவேற்காட்டில் ஒரு வெள்ளிக்கிழமை மீட்டிங்

போன வாரம் இந்தப் பக்கத்தில் ஏன் என்னைக் காணோம் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. டூரில் இருந்தேன்! அதாவது, என் வீட்டுக்காரர் கார் ஓட்ட, அவருடைய லேப்டாப்பை மடியில் சுமந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

எல்லாம் அந்த டேட்டா கார்டு செய்த வேலை. லேப்டாப்பில் செருகினால் எங்கிருந்தும் நெட் வருமாம், தீப்பெட்டி அளவில் ஒன்றை ஆபீசில் கொடுத்தார்கள். அன்றிலிருந்து மனுஷனைப் பிடிக்க முடியவில்லை. "இனிமே நான் உட்கார்ற இடம்தான் ஆபீஸ்" என்றார். மார்கழி வெயில் இதமாக இருக்கிறதாம். நாலு நாள் காரில் சுற்றிக்கொண்டே வேலை பார்க்கலாமாம்.

எங்கே? மூணாறா? கோவாவா? ம்ஹூம்... திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி, பழவேற்காடு! அவசரம் என்றால் சென்னைக்கு ஓடி வந்துவிடலாம் என்றார். ஓடி வருவதற்கு எதற்குப் போக வேண்டும் என்று கேட்டேன். பெட்டியைக் கட்டச் சொன்னார்.

முதல் நாள், திருவள்ளூர் பக்கத்து மணவாள நகர். டேட்டா கார்டு பச்சை விளக்கைக் காட்டியதோடு சரி. சாப்ட்வேர் மேனேஜர் ஐயா பிரவுசிங் சென்டரில், திரை போட்ட கேபினுக்குள் ஒடுங்கிக்கொண்டு மெயில் பார்த்தார். திருவாலங்காட்டுக் கோயிலுக்காவது போகலாம் என்றேன். "அங்க டவர் இருக்குமா?" என்று கேட்டார். அதோடு கோயில் போச்சு.

இரண்டாம் நாள், கும்மிடிப்பூண்டி. சிப்காட் பக்கம் லாட்ஜ். ஜன்னலைத் திறந்தால் இரும்பு ஆலைப் புகை, மூடினால் புழுக்கம். கரண்ட் கட். கரண்ட் வந்தபோது டிரெய்லர் லாரிகளின் ஹாரன். போனில் க்ளையன்ட் பேசியது இவருக்குக் கேட்கவில்லை. இவர் கத்தியது மட்டும் லாட்ஜ் முழுக்கக் கேட்டது.

அப்படியானால் வேலை? அது பாட்டுக்கு நடந்தது. எப்படி என்கிறீர்களா? வசந்தி!

வசந்தி இவருடைய டீமில் இருக்கும் பெண். அவள் சம்பளத்தில்தான் வீட்டு வாடகையும் தம்பியின் படிப்பும். நெட் நிற்கும்போதெல்லாம் இவர் அவளுக்குப் போன் போடுவார். "வசந்தி, அந்த ரிப்போர்ட்டை அனுப்பிடும்மா." "வசந்தி, க்ளையன்ட்கிட்ட நீயே பேசிடும்மா." இரண்டு நாளில் எத்தனை 'ம்மா' என்று எண்ணிப் பார்த்து அலுத்துப் போனேன்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. காலையில் அவளே கூப்பிட்டாள். அமெரிக்காவில் எவனெவனோ பேங்க்கைக் கவிழ்த்ததற்கு இங்கே ஆட்குறைப்பு. பட்டியலில் அவள் பெயரும் இருந்தது. பன்னிரண்டே முக்கால் மீட்டிங்கில் அவளை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்று இவர் பேச வேண்டும். பேசாவிட்டால் வேலை போய்விடும்.

"மறந்துடாதீங்க சார்..." என்றாள். 

"நான் இருக்கேன்ல?" என்றார் இவர்.

இருந்தார். எங்கே இருந்தார்? பழவேற்காடு ஏரிக்கு நடுவில், படகில், பூநாரைகளைப் போட்டோ எடுத்துக்கொண்டு இருந்தார்! வேண்டாம் என்றேன். "டவர் நாலு கட்டமும் ஃபுல். இங்கேயிருந்தே பேசுவேன்" என்றார்.

பன்னிரண்டே காலுக்கு நம்பரைப் போட்டுப் பார்த்தார். போகவில்லை. மறுபடி போட்டார். ஆந்திராவுக்கு நல்வரவு என்று மெசேஜ் வந்தது.

படகுக்காரர் ஏழுமலை சிரித்துவிட்டார். "இன்னா சார், இது ஆந்திரா டவரு. தண்ணிக்கு வந்தா போனு அந்தாண்ட தாவிடும். கரையிலயும் பாதி நேரம் அப்டித்தான். இங்க அல்லாருக்கும் தெரியுமே!"

ரோமிங் வேண்டுமா என்று ஆபீசில் கேட்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டைத் தாண்ட மாட்டேன், வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர் இவரேதான். என் போனிலும் அதே கதை.

"உங்க போனைக் கொஞ்சம் குடுங்களேன்" என்று ஏழுமலையிடம் கெஞ்சினேன்.

"நம்மளுது ரீசார்ஜ் பண்லம்மா. வர்ற போனு மட்டுந்தான் எடுக்கும்" என்றவர், பாவம், மூச்சு வாங்கப் படகைத் தள்ளிக்கொண்டு வந்து கரை சேர்த்தார்.

பஜாருக்கு ஓடினோம். எஸ்டிடி பூத் பூட்டியிருந்தது. பக்கத்துக் கடைகளும் பூட்டித்தான் கிடந்தன.

"என்ன, இன்னைக்குக் கடையடைப்பா?" என்றார் இவர்.

"வெள்ளிக்கிழமைங்க! கடைக்காரங்க எல்லாம் ஜும்மா தொழுகைக்குப் போயிருக்காங்க" என்றேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு லேப்டாப்பைத் தூக்கி ஏரியில் வீசியிருப்பேன். நாலு நாள் டூரை எக்செல்லில் கட்டம் போட்டுத் திட்டமிட்டவர், கிழமையைப் பார்க்கவில்லை.

பூத்துக்குப் பின்னால்தான் பூத்காரர் வீடு. கதவைத் தட்டினேன். பூத்காரரின் மனைவி பாத்திமா கதவைப் பாதி திறந்து, தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"உள்ளயும் ஒரு போனு கீது. நீங்க வாங்கக்கா. ஊட்ல ஆம்பளைங்க யாரும் இல்ல... அண்ணன் தெருவுலயே நிக்கட்டும்."

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கெஞ்சினார். பாத்திமா அசையவில்லை. கம்பெனியின் மேனேஜர் தெருவில் நின்றார். கம்பெனியைப் பற்றி ஒன்றும் தெரியாத நான் மீட்டிங்கில்.

ஆபீஸ் நம்பரைப் போட்டேன். மீட்டிங் அறைக்கு இணைப்பு கொடுத்தார்கள். "தாமு எங்கே?" என்றார் இவருடைய பாஸ்.

"தெருவில் நிற்கிறார் சார். நான் அவர் மனைவி."

ஜன்னலுக்கு வெளியிலிருந்து இவர், "யூட்டிலைசேஷன் சொல்லு! அப்ரைசல் ரேட்டிங் சொல்லு!" என்று கத்தினார். அதெல்லாம் நான் என்ன கண்டேன்? தெரிந்ததைச் சொன்னேன்.

"சார், மூணு நாளா உங்க மேனேஜர் என்ன வேலை செஞ்சார்னு பக்கத்துலயே இருந்து பார்த்தேன். ஒண்ணுமே செய்யல. கரண்ட் இல்ல, நெட் இல்ல, இப்ப டவரும் இல்ல. ஆனா உங்க க்ளையன்ட் யாராவது குறை சொன்னாங்களா? சொல்லியிருக்க மாட்டாங்க. ஏன்னா அத்தனையும் செஞ்சது வசந்தி. அவளை அனுப்பிட்டா, இவர் வேலையை அப்புறம் யார் செய்வாங்க?"

 ஜன்னலுக்கு வெளியே இவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.  ஒரு பெண்ணைக் காப்பாற்றப் போய்ப் புருஷன் வேலைக்கு உலை வைத்துவிட்டேனா?

"தேங்க்ஸ் மேடம்" என்று வைத்துவிட்டார்கள்.

பாத்திமா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் ஆவாதுக்கா" என்றார். யாரென்றே தெரியாத வசந்திக்காக அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

காரில் ஏறிச் சென்னைக்குத் திரும்பினோம். பொன்னேரி தாண்டியதும் தமிழ்நாட்டு டவர் வந்தது. கூடவே இவர் போனில் வசந்தி. ஸ்பீக்கரில் போட்டேன். பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்களாம். அழுதுகொண்டே, "சார் பேசினதாலதான் மேடம்!" என்றாள்.  பேசியது நான்தான் என்று இவர் சொல்லவே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

திங்கட்கிழமை ஆபீசில் டேட்டா கார்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்பது நூற்றுக்கு நூறு உண்மைதான் — ஆபீசில் வசந்தி உட்கார்ந்திருக்கும் வரைக்கும்!