செல்லம்மாள் அக்காவின் தண்ணீரில் ஒன்றுமில்லை

நான் பொய்யன். செல்லம்மாள் அக்காவின் ஆழ்துளைக் கிணற்றில் கதிர்வீச்சு இருப்பதாக ஊரை நம்பவைத்தவன் நான். அப்படி எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகும், இரண்டு வருடமாக வாயைத் திறக்காதவனும் நானே!

அறியாமல் செய்த பிழைதானே என்று நீங்கள் சொல்ல வருவீர்கள். சொல்லாதீர்கள்... எனக்கு ஆத்திரம்தான் வரும்.

ராசிபுரம் பக்கம் எங்கள் ஊர். இயற்பியல் படித்துவிட்டு அப்பாவின் மரவள்ளிக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுதுபோக்காக, காமாக் கதிர்களைப் பிரித்துக் காட்டும் சிறு கருவியொன்றை வாங்கிக் கணினியில் இணைத்தேன். பாறை, மண், சாம்பல்... எல்லாவற்றிலும் இயற்கையாகவே மிக மெல்லிய கதிர்வீச்சு உண்டு. அது எதிலிருந்து வருகிறது என்பதைத் திரையில் எழும் முகடுகள் சொல்லும். அந்தக் கிறுக்கு என்னைப் பிடித்துக்கொண்டது.

எதிர்வீட்டு அக்காவின் கிணற்றுத் தண்ணீரைத்தான் எங்கள் தெருவே குடித்தது. அவர் கணவர், நான் மாமா என்று அழைத்தவர், ரிக் வண்டி வரவழைத்துப் போட்ட கிணறு. மாமா வயிற்றில் புற்றுநோய் வந்து இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.

ஒருநாள் அந்தத் தண்ணீரில் ஒரு குடம் கொண்டுவந்து காட்டுக் கொட்டகையில் வைத்து அளந்தேன். முகடு எழுந்தது! உயரமாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல்! அன்று மாலையே தெருவைக் கூட்டித் திரையைக் காட்டினேன். மறுநாள் முதல் அக்காவின் வாசலுக்கு ஒரு குடம்கூட வரவில்லை.

நான்கு நாள் கழித்து, தண்ணீரே இல்லாமல் கருவியை ஓடவிட்டேன். அதே முகடு... அதே உயரம்! சுவரோரம் அப்பா அடுக்கியிருந்தவை பொட்டாஷ் உர மூட்டைகள். பொட்டாசியம் இயல்பாகவே கதிர் வீசும். ஒப்பிட்டுக் கழிப்பதற்காக வெறும் கொட்டகையை நான் அளந்து வைத்திருந்ததோ அந்த மூட்டைகள் வருவதற்கு முன்பு. எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டுவிட்டுத் தண்ணீரை மறுபடி அளந்தேன். ஒன்றுமே இல்லை.

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம் அல்லவா? ஏன் சொல்லவில்லை? டீக்கடையில் என்னைப் பார்த்ததும் "சயின்டிஸ்ட் வாராருங்க" என்று இடம் விட ஆரம்பித்திருந்தார்கள்! அந்த அற்ப மரியாதைக்காக... தூ!

அந்த வாரமே அக்கா வந்தார். "ஏனுங்க தம்பி... உங்க மாமாவுக்கு அந்த நோவு வந்ததும் எங்கூட்டுத் தண்ணியாலதானுங்களா? நாந்தானுங்களே தெனமும் மொண்டு மொண்டு குடுத்தேன்..."

இல்லை என்று ஒரு சொல் போதும். அது என் நாக்கிலேயே இருந்தது. நான் சொன்னது, "இருக்கலாமுங்கக்கா."

அவர் அழவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் ஆள் வைத்துக் கிணற்றை மூடிவிட்டார்.

ஊர்மீதும் எனக்குக் கோபம் உண்டு. இன்னொரு தடவை அளந்து பார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையே! ஆனால் அந்தக் கோபமும் பித்தலாட்டம்தான். கேட்டிருந்தாலும் பொய்தான் சொல்லியிருப்பேன்.

போன மாதம் மாமாவின் நினைவு நாள். படத்துக்கு முன்னால் இலை போட்டு, அக்கா ஒரு தம்ளரில் தண்ணீர் வைத்தார். கேன் தண்ணீர். "இனியாச்சும் அவரு நல்ல தண்ணி குடிக்கட்டுமுங்க தம்பி" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். பிறகு உட்கார்ந்து, அவர் பரிமாறிய சோற்றை மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு வந்தேன்.