பூஜ்யத்துக்கு மேல்

பேருந்தில் ஏறியதும் எதிரே இருக்கும் முகங்களை வயது வாரியாகப் பிரிக்க ஆரம்பித்துவிடுவாள். "பன்னெண்டுக்கு மேல, இருபதுக்குள்ள." "இவரு அறுபது தாண்டியாச்சு." உதடு மட்டும் அசையும். யாராவது முறைத்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அலுவலகத்தில் அவளுக்கு டப்பாக்கா என்று பெயர். நகரத்துக் கல்லறைப் பதிவுகளைப் பைதான் என்ற கணினி மொழியில் நாலு வரி எழுதி வரம்பு வாரியாக, டப்பா டப்பாவாகப் பிரிப்பது அவள் வேலை. புதுச் சாலைக்காகப் பழைய கல்லறைத் தோட்டத்தின் கீழ்ப்பகுதியைக் காலி செய்கிறார்கள். அடக்கம் செய்த தேதி எந்த வரம்பில் விழுகிறதோ, அதை வைத்து எந்த வாரம் தோண்டுவது என்று முடிவாகும். இறந்தபோது இருந்த வயதை வைத்துப் பெட்டியின் அளவு: சின்னது, நடுத்தரம், பெரியது. பெட்டி கிடைத்தவர்கள் மேட்டுத் தோட்டத்துக்குப் போவார்கள். மற்றவர்கள் தாருக்கு அடியில்.

இரண்டு வரம்புகளின் விளிம்பில் நிற்கும் எண்ணைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. பக்கத்து மேசை குமாஸ்தாவுக்கு அதைச் சீண்டிப் பார்ப்பதில் ஒரு சுகம்.

"டப்பாக்கா, நாளைக்கு எனக்கு முப்பது. எந்த டப்பா?"

"முப்பது முடியுதா, ஆரம்பிக்குதா? தெளிவா சொல்லு."

"வாழ்த்து சொல்ல மாட்டீங்களா?"

"நடுவுல நிக்கறவனுக்கு என்ன வாழ்த்து. முதல்ல ஏதாவது ஒரு பக்கம் விழு."

வீட்டில் அம்மா, தனக்கு இரண்டு மகள்கள் என்றுதான் சொல்வாள். மூத்தவள் பிறந்த அன்றே, பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள். கீழ்ப்பகுதியில்தான் இருக்கிறாள். ஆனாலும் அம்மா அவளுக்கு வருஷா வருஷம் வயது ஏற்றிக்கொண்டே வருகிறாள். "உங்கக்காவுக்கு இப்ப நாப்பத்தி மூணு. கண்ணாடி போட்டிருப்பா." அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருப்பவளைச் சொல்வதுபோல் சொல்வாள். அப்பா மேட்டுத் தோட்டத்தில் இருக்கிறார். மூத்தவளை அவர் பக்கத்தில் சேர்த்துவிட வேண்டும். அம்மாவுக்கு வேறு ஆசை கிடையாது.

"அவளுக்குப் பெட்டி செஞ்சாச்சாடி?"

"எல்லாருக்கும் செஞ்சாச்சும்மா."

"நான் எல்லாரையும் கேக்கல."

கடைசி வரம்புக்கான வேலை முடியும் தறுவாயில் பெட்டி செய்யும் தச்சர் போனில் கூப்பிட்டார். "அம்மா, நீங்க சொன்ன சின்னப் பெட்டியெல்லாம் முடிஞ்சிடுச்சு. ஆனா வேலியோரமா ஒரு வரிசை, அதுக்குப் பெட்டியே சொல்லலியே. ஆள் இல்லாத இடமா?"

"ஆள் இல்லாத இடத்துல கல்லு எதுக்கு நட்டிருப்பாங்க? இருங்க, பாக்கறேன்."

"திங்கக்கிழமை மிஷின் இறங்குது. பாத்துக்குங்க."

அக்காவின் தேதியை முதல் தடவையாகத் திரையில் தேடினாள். வரி இருந்தது. தேதி சரியான வரம்பில்தான் விழுந்திருந்தது. வயது, பூஜ்யம். பெட்டி என்ற இடம் வெறுமையாக இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி, அதுவும் அப்படியே. உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தன. முதல் வரம்பைப் பூஜ்யத்துக்கு மேல், ஐந்து வரை என்று எழுதியது அவள்தான். ஒரு வயதுகூட நிறையாதவர்கள் எந்த வரம்புக்குள்ளும் வரவில்லை. வெறுமையை எண்ணாதே என்றும் கணினிக்கு அவளே சொல்லி வைத்திருந்ததால் அறிக்கையில் ஒரு குறையும் தெரியாமல் போயிற்று.

குமாஸ்தா எட்டிப் பார்த்தான். "இத்தனை பேரா? இவ்வளவு நாளா எங்கக்கா இருந்தாங்க?"

"இங்கதான். நான்தான் கூப்பிடல."

விளிம்பில் நிற்கும் பூஜ்யத்தையும் சேர்த்துக்கொள் என்று ஒரு சொல்லைக் கூட்டி மறுபடி ஓட்டினாள். சின்னது, சின்னது, சின்னது என்று மேலிருந்து கீழாக நிரம்பியது. அறையில் இருந்தது இரண்டு பேர்தான். ஆனால் ஆட்கள் நெருக்கி நிற்கும் அறையின் புழுக்கம் அங்கே ஏறியிருந்தது. குமாஸ்தா சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டான். தச்சரைக் கூப்பிட்டு எண்ணிக்கையைச் சொன்னாள். அவர், "இப்பவே மரத்தை அறுக்கறேம்மா" என்றார்.

வீட்டுக்குக் கிளம்பும்போது இருவரும் லிஃப்டில் ஏறினார்கள். குமாஸ்தா பொத்தானை அமுக்க, கதவு மூடத் தொடங்கியது. அவள் கையைக் குறுக்கே வைத்தாள். தாழ்வாரத்தில் யாரும் இல்லை.

"யாருக்கா வரணும்?"

அவள் பின்சுவரோடு ஒட்டி நின்று, அவன் தோளையும் மெல்ல ஓரமாக ஒதுக்கி, நடுவில் இடம் விட்டாள்.