புரதமும் கொழுப்பும் கஞ்சியும்

உயிரியல் ஆசிரியைக்கு முதல் எதிரி அறியாமையன்று. அரைகுறையாகக் காதில் விழுந்த சொல்.

சுண்ணாம்புத் தூசியைச் சுவாசித்தே நரைத்த சக ஆசிரியப் பெருமக்களே, உங்களுக்குத்தான் இது புரியும். ஆங்கிலவழி வகுப்புகள் தெருவுக்குத் தெரு முளைத்த காலம். எங்கள் தஞ்சாவூர்ப் பள்ளியில், ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பிரிவில் இருபது மாணவியருக்கு ஒருத்தி குறைந்தாலும் பிரிவையே கலைத்துவிடுவதாகத் தலைமையாசிரியை அறிவித்திருந்தார். என்னிடம் இருந்தவர்கள் சரியாக இருபது பேர்!

புரதம்

முதல் தேர்வில் செல்வி இவ்வாறு எழுதியிருந்தாள்: ‘தசை வளர்ச்சிக்கு விரதம் இன்றியமையாதது. விரதம் குறைந்தால் உடல் மெலியும்.’ விடைத்தாள் முழுவதும் ஒரு புரதம்கூட இல்லை, பதினோரு விரதங்கள். அழைத்து விசாரித்தேன். அவள் சிறிதும் கலங்கவில்லை.

“நீங்க வேகமாச் சொன்னப்போ அப்படித்தான் கேட்டுச்சு டீச்சர். எங்கம்மா வெள்ளிக்கிழமை விரதம் இருந்து இளைச்சுத்தான் போயிட்டாங்க, அதனால எனக்கும் கொஞ்சம் சந்தேகமாத்தான் இருந்துச்சு.”

கொழுப்பு

செல்வியின் தந்தை விவசாயி. நடவு வேலையை விட்டுவிட்டு, மதிப்பெண் அட்டையில் கையொப்பமிட வந்தார். அடுத்த தேர்வில் விரதம் புரதமாகிவிட்டது; கொழுப்புகளைப் பற்றிய பாடத்தில்தான் மதிப்பெண் குறைவு. அதைச் சுருக்கமாக, “உங்க பொண்ணுக்குக் கொழுப்பு போதாதுங்க” என்றேன். மனிதர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“போதாதா? ஒரு நாள் எங்க வீட்டுக்கு வந்து, அவ அவங்கம்மாகிட்ட பேசுற பேச்சைக் கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க டீச்சர்!”

கஞ்சி

மறுவாரம் நஸ்ரீனின் தாயார் துபாயிலிருந்து வந்த கடிதத்தோடு வாசலில் நின்றார். மகளை ஆங்கிலவழிக்கு மாற்றும்படி கணவர் எழுதியிருந்தார். நஸ்ரீன் போனால் பிரிவும் போயிற்று. “ஒரு வகுப்பு உட்கார்ந்து பாருங்க, அப்புறமும் மாத்தணும்னா நானே எழுதித் தர்றேன்” என்றேன். கடைசி பெஞ்சில் அமர்ந்தார்.

அன்று மாவுச்சத்துச் சோதனை. சோறு வடித்த கஞ்சியில் அயோடின் கரைசலைச் சொட்டினேன்: கருநீலம்! உருளைக்கிழங்கிலும் கருநீலம்! சர்க்கரைக் கரைசலில் மாற்றமே இல்லை. “உயிர்களை ஆக்கும் பெரிய மூலக்கூறுகளுள் ஒன்று, இதோ உங்கள் கண்முன்!” என்று பரவசத்தில் கையை வீசினேன். அயோடின் குப்பி கவிழ்ந்தது. மொடமொடவென்றிருந்த என் இளமஞ்சள் பருத்திப் புடவையில் கருநீலம் படர்ந்தது. நஸ்ரீன் துள்ளி எழுந்தாள்: “டீச்சர், புடவையிலயும் மாவுச்சத்து! கஞ்சி போட்டிருக்கீங்க!” நான் சொல்லித் தராத விடை, தானே கண்ட விடை! அவள் தாயார் சிரித்தபடியே கடிதத்தை மடித்தார்.

“அவ அத்தாவுக்கு நான் பதில் எழுதிக்கிறேன், அவ இங்கேயே படிக்கட்டும்; நீங்க முதல்ல போய்ப் புடவையை அலசுங்க டீச்சர்.”

அவ்வாண்டு தமிழ்ப் பிரிவைக் காப்பாற்றியது என் புலமையன்று, சலவைக்காரர் தாராளமாகப் போட்ட கஞ்சிதான் என்பதை ஓய்வுபெறும் நாள்வரை தலைமையாசிரியையிடம் நான் ஒப்புக்கொள்ளவேயில்லை.