எஸ். சுல்தான், பதினான்காம் எண்

வெயிலில் காய்ந்த சிமெண்ட் தரையில் ரப்பர் பந்து திரும்பத் திரும்ப அடிபடும்போது ஒரு வாடை கிளம்பும். ஈசா டவுனில் எங்கள் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து மைதானத்தில் அந்த வாடையை மூக்கு நிறைய இழுத்துக்கொண்டு வளர்ந்தவள் நான். அக்டோபர் பிறந்தும் பஹ்ரைனில் வெயில் இறங்காத ஒரு வியாழக்கிழமை மத்தியானத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். வெட்கப்பட வேண்டிய விஷயம் என்பதால் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வருஷம் வளைகுடாவில் உள்ள இந்தியப் பள்ளிகளின் பெண்களைச் சேர்த்து ஒரே அணியாகத் துபாயில் ஆடவைப்பதாக ஏற்பாடு. தேர்வு செய்கிறவர்கள் துபாயில் இருந்தார்கள். எங்கள் ஆட்டத்தை அவர்கள் கண்ணால் பார்க்கப்போவதே இல்லை. சம்பளத்துக்கு ஆடுகிறவர்களின் ஆட்டத்தில் குறிப்பதுபோல, ஒவ்வொருத்தியும் போட்ட புள்ளி எத்தனை, கூடையில் விழாமல் திரும்பிய பந்தைப் பிடித்த ‘ரீபவுண்ட்’ எத்தனை, ‘ஃபவுல்’ எத்தனை என்று ஒரே தாளில் தட்டச்சு செய்து ஃபாக்ஸில் அனுப்பினால், அதைப் பார்த்து அவர்கள் ஆளெடுப்பார்கள். அதுவரை எங்கள் ஆட்டத்தில் யார் ஜெயித்தது என்பதைத் தவிர வேறெதையும் யாரும் குறித்துவைத்ததில்லை.

நானும் என் ‘லாத்தா’வும், அதாவது அக்காவும், ஒரே அணி. அவள் சுமையா, பிளஸ் டூ மாணவி, ஏழாம் எண் சட்டை, அணியின் கேப்டன். நான் சமீமா, ஒன்பதாம் வகுப்பு, பதினான்காம் எண், பெரும்பாலும் பெஞ்சு தேய்ப்பவள். கீழக்கரையிலிருந்து வந்து மனாமாவில் துணிக்கடை வைத்திருந்த எங்கள் வாப்பாவின் பெயர் சுல்தான். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று ஏது? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்று யாரோ சொல்லப்போக, வாப்பா இரண்டு பேருக்கும் தன் பெயரையே எழுதிக் கொடுத்துவிட்டார். ஆகப் பள்ளிப் பதிவேட்டில் நாங்கள் இருவருமே ‘எஸ். சுல்தான்’.

அந்த வியாழக்கிழமை ஆட்டம் முடிய நாலு நிமிஷம் இருக்கும்போது இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். லாத்தாவுக்கு நாலு ஃபவுல் விழுந்திருந்தது, இன்னும் ஒன்று விழுந்தால் வெளியே போய்விட வேண்டும். ஆனாலும் அவள் ஒதுங்கவில்லை. ஒவ்வொரு முறை அவள் கூடைக்கு அடியில் எகிறும்போதும் விசில் சத்தம் கேட்டுவிடுமோ என்று பெஞ்சிலிருந்து நடுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்திக்குக் கால் பிசகியதால் கடைசியில் என்னையும் இறக்கினார்கள். நான் போட்டது ஒரே ஒரு பந்து, அதுவும் லாத்தா என் கையில் திணித்து, “போடுடி!” என்று கத்திய பந்து. மூன்று புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம்.

தண்ணீர் குடிக்கப் போன என்னை ஆபீஸ் எழுத்தர் கூப்பிட்டு, தட்டச்சு செய்த தாளைக் கையில் கொடுத்தார். “கேப்டன் கிட்ட சைன் வாங்கிட்டு வா. மூணு மணிக்கு ஃபாக்ஸ் போகணும், ஜல்தி!” முதல் வரியில் எஸ். சுல்தான், எண் பதினான்கு, ஒன்பதாம் வகுப்பு, இருபத்தோரு புள்ளி என்று இருந்தது. ஏழாம் எண்ணைத் தேடினேன், எங்கேயும் காணோம். ஒரே பெயர், ஒரே முதலெழுத்து, ஒரே வீட்டு விலாசம் என்றதும், ஒரே பெண்ணை யாரோ தவறுதலாக இரண்டு தடவை எழுதிவிட்டார்கள் என்று நினைத்து, இரண்டு வரியையும் கூட்டி ஒன்றாக்கியிருக்கிறார் அந்த மனிதர். அவர் நீக்கிவிட்டது லாத்தாவின் வரியை.

“சார், இது தப்பு” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சொல்லவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எழுதவே கூசுகிறது, ஆனால் அதுதான் உண்மை. துபாய், விமானம், புதுச் சட்டை எல்லாம் மளமளவென்று மனசில் ஓடின. லாத்தா படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே மைதானத்துக்கு நடந்தேன்.

எங்களைக் கூட்டிப்போகக் கடையிலிருந்து வந்திருந்த வாப்பா தாளை முதலில் வாங்கிப் பார்த்தார். ஆட்டத்தை அவர் பார்க்கவில்லை. “அட, எம் பேருதான் மொதல்ல இருக்கு! சின்னவ கலக்கிட்டாளே!” என்று லாத்தாவிடம் நீட்டினார்.

லாத்தா ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஷூ நாடாவை அவிழ்க்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

“வாப்பா, பேரு வந்தா என்னைய துபாய்க்கு அனுப்புவீங்களா?” என்று கேட்டாள்.

“ஒனக்குத்தான் ஊர்ல பேசி முடிச்சாச்சேம்மா. பரீட்சை முடிஞ்சதும் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுல என்ன சொல்லுவாக?”

“அப்ப இவளை?”

“சின்னப் புள்ளதானே, போயிட்டு வரட்டும்.”

ஆபீஸ் வாசலிலிருந்து எழுத்தர் “யல்லா, யல்லா!” என்று அவசரப்படுத்திக் கையைத் தட்டினார். பேனா அவள் கையிலேயே நின்றது. பிறகு தாளை என் முதுகின்மேல் வைத்து அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். அவள் ஆடிய ஆட்டத்தின் தாளில் அவள் பெயர் அந்தக் கையெழுத்தில் மட்டுமே இருந்தது.

நான் துபாய்க்குப் போனேன். மூன்று ஆட்டத்திலும் சேர்த்து ஒரு புள்ளிகூடப் போடவில்லை. இருபத்தோரு புள்ளிக்காரி இவளா என்று அங்கே எல்லோரும் ஒருமாதிரியாகப் பார்த்தார்கள். லாத்தா பரீட்சை எழுதி, கல்யாணம் முடித்து, கீழக்கரையோடு தங்கிவிட்டாள். பந்தை அதற்குப் பிறகு தொடவில்லை. எனக்காக விட்டுக்கொடுத்தாள் என்று நானாகவே ஒரு முடிவுக்கு வந்து, பல வருஷம் அதை நினைத்து அழுதிருக்கிறேன்.

இப்போது நான் துபாய்வாசி. அல் கூஸில் பழைய கிடங்கு ஒன்றை ஏசி போட்ட மைதானமாக்கியிருக்கிறார்கள், என் மகள் அங்கேதான் ஆடுகிறாள். அவள் பந்து போட்ட மறுநிமிஷம் முகப் படத்தோடு புள்ளி என் செல்போனில் வந்துவிடுகிறது. ஃபாக்ஸும் கிடையாது, கேப்டன் கையெழுத்தும் கிடையாது. ஒருத்தி புள்ளியை இன்னொருத்தி எடுத்துக்கொண்டு போக இனி வழியே இல்லை. போன மாதம் விசிட் விசாவில் வந்திருந்த லாத்தாவும் நானும் அங்கே உட்கார்ந்து ஆட்டம் பார்த்தோம். அன்றுதான் எனக்குக் கேட்கத் துணிச்சல் வந்தது.

“லாத்தா, அன்னைக்கு வாப்பா ஒன்னைய ‘சரி, போ’ன்னு சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பே?”

அவள் யோசிக்கவே இல்லை. “அந்த எடத்துலயே ஒம் நம்பரை அடிச்சிட்டு எம் நம்பரை எழுதியிருப்பேன். நீ அழுதாலும் திரும்பிப் பாத்திருக்க மாட்டேன்டி.”

சொல்லிவிட்டு, என் மகள் பந்தைக் கோட்டைவிட்டதைப் பார்த்து எழுந்து நின்று கத்தினாள்.